பானை கசியும், கூரை ஒழுகும்: ‘சீப்’, ‘லீக்’ என்ற இரு சொற்கள்

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் பாசனக் குழுவில் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வாய்க்கால் கரையின் வெளிப்புறச் சரிவு நாலைந்து நாளாக ஈரமாகவே இருக்கிறது, அதை ஆங்கிலத்தில் மனுவாக எழுதி அனுப்ப வேண்டும், ‘லீக்’ (leak) என்று எழுதுவதா ‘சீப்’ (seep) என்று எழுதுவதா, அகராதியில் இரண்டுக்கும் ‘கசிவு’ என்றே போட்டிருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா என்று.

ஒன்றல்ல, தம்பி. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால் மட்டும் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. இந்த இரண்டு சொற்களை மாற்றி எழுதியதால் எங்கள் ஊருக்கு ஒரு நட்டம் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வகுப்புகளில் இந்த வேறுபாட்டை வேகத்தை வைத்துச் சொல்லிவிடுவது வழக்கம். வேகமாக வந்தால் ‘லீக்’, மெல்ல வந்தால் ‘சீப்’ என்பார்கள். அது பாதி உண்மை. நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழும் குழாயையும் ஆங்கிலேயர் ‘லீக்’ ஆகிறது என்றே சொல்வார்கள். நாள் முழுவதும் குடம் குடமாக நீரைக் கீழே இழக்கும் மணற்பாங்கான வயலைப் பற்றிப் பேசும்போது ‘சீப்’ என்பார்கள். ஆகவே அளவும் வேகமும் உரைகல் ஆகா. கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். தண்ணீர் வெளியேறுகிற அந்தப் பொருள், தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்க வேண்டிய பொருளா? தண்ணீர் ஒரு ஓட்டை, விரிசல், மூட்டு என்று கைவைத்துக் காட்டக்கூடிய வழியில் வருகிறதா, அல்லது பொருளின் உடம்பு முழுவதும் பரவி நுண்துளைகளின் வழியே வருகிறதா? பிடித்து வைக்க வேண்டியது பிடிக்கத் தவறி, ஒரு வழியில் விட்டுவிட்டால் அது ‘லீக்’. பொருளின் இயல்பே நீரை மெல்ல உள்வாங்கி மறுபுறம் விடுவதாக இருந்தால் அது ‘சீப்’. முதல் சொல்லில் ஒரு குறை எப்போதும் அடங்கியிருக்கிறது. இரண்டாவதில் அது கட்டாயமில்லை.

வீட்டு மூலையில் மணல் பரப்பி வைத்திருக்கும் மண்பானையைப் பாருங்கள். புதுப்பானையில் தண்ணீர் ஊற்றிய சற்று நேரத்தில் வெளிப்புறம் கருத்து, ஈரமாகி, தொட்டால் விரலில் குளிர்ச்சி ஒட்டும். எந்த இடத்தில் ஈரம் வந்தது என்று காட்ட முடியாது. வயிற்றுப் பகுதி முழுவதும் வந்திருக்கும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே வந்த அந்த நீர் காற்றில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. பல கோடைகள் கண்ட பழம்பானையில் உப்பும் அழுக்கும் படிந்து துளைகள் அடைபட்டுவிட்டால் அது அவ்வளவு குளிர்விப்பதில்லை. இது ‘சீப்’. பானை தன் வேலையைச் செய்கிறது. அதே பானையின் அடியில் கல் பட்டு மயிரிழை விரிசல் விட்டு, மணலில் ஒரே இடத்தில் ஈரம் தேங்குகிறது என்றால் அது ‘லீக்’. அடுத்த நாள் அந்தப் பானையில் தண்ணீர் ஊற்ற மாட்டோம்.

ஓட்டை இருந்தாலே ‘லீக்’ என்றும் நினைத்துவிடக் கூடாது. கும்பகோணத்துக்காரருக்குப் பித்தளை ஃபில்டரைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மேல் பாத்திரத்தின் அடியில் ஊசிமுனைத் துளைகள் நிறைய இருக்கின்றன; காபித்தூளின் ஊடே இறங்கிய டிகாக்ஷன் அந்தத் துளைகள் வழியே கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுகிறது. அதை யாரும் ‘லீக்’ என்பதில்லை, ஏனென்றால் துளைகள் அதற்காகவே போடப்பட்டவை. மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் சேரும் இடம் நசுங்கி, காலையில் மேடையில் பழுப்பு வளையம் ஒன்று கிடந்தால், அதுதான் ‘லீக்’. தூளின் ஊடே நீர் கீழ்நோக்கி இறங்குவதற்கு ஆங்கிலத்தில் ‘பெர்க்கொலேட்’ என்று தனிச்சொல் உண்டு. ‘சீப்’ என்பதற்குத் திசை கிடையாது. அது கீழே இறங்கலாம், பக்கவாட்டில் போகலாம், செங்கல் சுவரில் தரையிலிருந்து மேலேயும் ஏறலாம். மரப்பிசின், சீழ் போன்ற கொழகொழப்பானவை மெல்ல வெளிப்படுவதை ‘ஊஸ்’ என்பார்கள். அதை இத்தோடு விட்டுவிடலாம்.

மனு எழுதுகிறவருக்கு இலக்கணத்திலும் ஒரு துப்பு கிடைக்கிறது. ‘லீக்’ என்ற வினைக்குத் தண்ணீரும் எழுவாய் ஆகலாம், பாத்திரமும் எழுவாய் ஆகலாம். ‘வாட்டர் இஸ் லீக்கிங்’ என்றாலும் சரி, ‘தி ரூஃப் இஸ் லீக்கிங்’ என்றாலும் சரி. ‘சீப்’ என்ற வினைக்கு நீர்தான் வழக்கமான எழுவாய். நீர் சுவரின் ஊடே ‘சீப்’ ஆகிறது என்பார்களே தவிர, சுவர் ‘சீப்’ ஆகிறது என்பது காதுக்கு இடறும். மேலும் ‘எ லீக்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் வெளியேறும் நீரை மட்டுமல்லாமல் அந்த ஓட்டையையே குறிக்கும். ஆகவே அதை அடைக்கச் சொல்லலாம். ‘சீப்பேஜ்’ என்பது நடந்துகொண்டிருக்கும் ஒரு நிலை. அதைக் குறைக்கலாம், தடுக்கலாம், திருப்பிவிடலாம். கட்டைவிரலை வைத்து அடைக்க முடியாது.

இந்த வேறுபாடு தமிழில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் பாட்டிமார் பேச்சில் இது மிகத் தெளிவாக இருந்தது. கூரை ஒழுகும், குடம் ஒழுகும், பேனா ஒழுகும். பாத்திரத்தையே எழுவாயாக வைத்துச் சொல்லும் இந்த ‘ஒழுகு’ என்ற வினை ‘லீக்’ என்பதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘ஒழுக்கு’ என்ற பெயர்ச்சொல்லும் கூடவே இருக்கிறது. பானை கசியும், பாறை கசியும், கண் கசியும். மணற்கேணியில் நீர் ஊறும். சுவரில் ஓதம் ஏறும். கசிதல், ஊறுதல், ஓதம் ஏறுதல் ஆகிய மூன்றும் ‘சீப்’ என்ற ஒரே சொல்லின் எல்லைக்குள் வருகின்றன. இதில் ‘ஊறு’ என்பதை நான் மிகவும் விரும்புகிறேன். ‘சீப்’ என்பதன் மூலமாகக் காட்டப்படும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு நீரில் ஊறுதல், நனைதல் என்ற பொருள் உண்டு. நாமும் அரிசியை ஊற வைப்பதற்கும் கிணற்றில் நீர் ஊறுவதற்கும் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறோம். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தால், அங்கே ஊறுவதற்கு ‘சீப்’ பொருந்தும். ‘லீக்’ என்று எழுதினால் கேணி கெட்டுப்போனதாகப் பொருள்பட்டுவிடும். சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர் ‘காதலாகிக் கசிந்து’ என்று பாடியபோதும் அந்தக் கசிவில் குறை எதுவும் இல்லை. உள்ளம் உடைந்து வழியவில்லை, ஈரப்பட்டு நெகிழ்ந்தது.

குழப்பம் செய்தித்தமிழில் வந்தது. வாயுக் கசிவு, எண்ணெய்க் கசிவு, வினாத்தாள் கசிவு என்று ‘லீக்’ வந்த இடங்களிலெல்லாம் ‘கசிவு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். 1984இல் போபாலில் நடந்ததை ஆங்கிலத்தில் ‘கேஸ் லீக்’ என்றார்கள். தமிழில் விஷவாயுக் கசிவு என்றோம். ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற ஒரு நிகழ்வுக்கு, பானையில் ஈரம் பூப்பதற்கான சொல்லை வைத்துவிட்டோம். இன்று அந்தச் சொல்வழக்கை மாற்ற முடியாது. மாற்றச் சொல்லவும் இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும், ‘கசிவு’ என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக எதையும் எழுதிவிடக் கூடாது.

எண்ணெயில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயிலிருந்து எண்ணெய் வெளியேறியதைத் தமிழில் எண்ணெய்க் கசிவு என்றார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஆயில் லீக்’. ‘ஆயில் சீப்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், நிலத்தடி எண்ணெய் பாறை இடுக்குகள் வழியே தானாக மேலே வந்த இயற்கை நிகழ்வு என்று பொருளாகிவிடும். புவியியலில் அந்தச் சொல் அதற்கென்றே உள்ளது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லா பிரயா தார்க் குட்டைகள் அப்படிப்பட்டவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியிலிருந்து ஊறி வரும் தாரில் சிக்கிய பனியுகத்து விலங்குகளின் எலும்புகள் அங்கே குவியலாகக் கிடைத்தன. அதே கலிபோர்னியக் கரையில் வாழ்ந்த சூமாஷ் மக்கள், அப்படி ஊறி வந்த தாரை எடுத்துத்தான் தங்கள் பலகைப் படகுகளின் இடுக்குகளில் பூசினார்கள். ‘சீப்’ ஆனதைக் கொண்டு ‘லீக்’ ஆகாமல் அடைத்தார்கள். ஒரு சொல்லில் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார், மற்றதில் இல்லை என்பதால், மொழிபெயர்க்கிறவர் இங்கே தவறினால் வழக்கே திசைமாறிவிடும்.

இப்போது வயலுக்கு வருவோம். நாற்று நட்ட வயலில் மாலையில் கட்டிய தண்ணீர் காலையில் இல்லை என்றால், அனுபவமுள்ள விவசாயி முதலில் வரப்பைச் சுற்றி வருவார். அடுத்த வயலின் பக்கம், வரப்பு அடியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு வாய், அதன் முன்னால் விசிறிபோல் பரவிய சேறு, உள்ளே சளசளவென்று ஓசை: நண்டு வளை. அது ‘லீக்’. மண்வெட்டியால் வெட்டி வளையின் போக்கைக் கண்டுபிடித்து, களிமண்ணை உருட்டித் திணித்து மிதித்துவிட்டால் முடிந்தது. வளை எதுவும் இல்லை, வரப்பின் வெளிப்பக்கம் நெடுக மினுமினுப்பாக ஈரம் மட்டும் தெரிகிறது என்றால் அது ‘சீப்’. அதற்கு ஓரிடத்தில் செய்யும் வைத்தியம் கிடையாது. அதற்காகத்தான் நடவுக்கு முன் அண்டை வெட்டி, சேற்றை அள்ளி வரப்பு நெடுகப் பூசுகிறோம். அதற்காகத்தான் வயலைத் தண்ணீர் கட்டிச் சேறாக உழுகிறோம். மண்கட்டிகள் உடைந்து நுண்துகள்கள் துளைகளில் போய் அடைந்து, அடியில் இறுக்கமான ஓர் அடுக்கு உண்டாகி, நீர் கீழே இறங்குவது குறைகிறது. நோய் இரண்டு, மருந்தும் இரண்டு.

நான் சொன்ன நட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், எங்கள் ஊர் வாய்க்கால் கரையின் வெளிப்புறம் இருபது அடி நீளத்துக்கு நைந்துபோய், கால் வைத்தால் புதையும் அளவுக்கு ஆகியிருந்தது. ஊரார் சார்பில் ஆங்கிலத்தில் மனு எழுதியவன் நான். ‘தேர் இஸ் எ லீக் இன் தி பண்ட்’ (கரையில் ஒரு ‘லீக்’ இருக்கிறது) என்று எழுதினேன். பார்வையிட வந்தவர்கள் ஓட்டையைத் தேடினார்கள். எலி வளையும் இல்லை, நண்டு வளையும் இல்லை, மதகின் ஓரத்திலும் ஒழுக்கு இல்லை. புகாரில் சொன்னபடி எதுவும் காணப்படவில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. நான் எழுதியதுதான் பிழை. கரையின் உடம்பு நெடுக நீர் ஊறி மண் பலமிழக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அடைமழையில் அந்த இருபது அடியும் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. நட்டுப் பத்து நாளான பயிரின்மேல் வண்டல் ஏறியது. அந்த வரியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

‘சீப்பேஜ்’ எல்லாமே இழப்பு என்றும் கொள்ளக் கூடாது. பொறியாளர்களின் கணக்கில் ‘சீப்பேஜ் லாஸ்’ என்று ஓர் இனம் உண்டு: மதகில் விட்ட தண்ணீரில் வாய்க்கால் படுகையும் கரையும் குடித்துவிட்ட பங்கு. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று தவிப்பவருக்கு அது இழப்புதான். ஆனால் அதே நீர்தான் வழிநெடுகக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் ஊறி நிற்கிறது. கல்லணைக் கால்வாயில் சிமெண்டுத் தளம் போடும் பேச்சு வந்தபோது, படுகையையும் மூடிவிட்டால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று விவசாயிகள் எதிர்த்ததற்கு இதுவே காரணம். ‘லீக்’ ஒன்றை அடைக்கப் போனால் இப்படி ஒரு வழக்கு எழாது.

மணலைப் பற்றிப் பேசாமல் காவிரியைப் பற்றிப் பேச முடியாது. மணலின் ஊடே நீர் ஊறும் அளவு, இருபுற நீர்மட்ட வேறுபாட்டையும், கடக்கும் தூரத்தையும், மணலின் தன்மையையும் பொறுத்தது என்பதைப் பிரான்சின் டிஜோன் நகரில் ஆரி டார்சி சோதனை செய்து 1856இல் வெளியிட்டார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே கல்லணை மணற்படுகையில் நின்றுகொண்டிருந்தது. முக்கொம்பில் 1836இல் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளத்தை நிலைநிறுத்தும் முறையை இந்தப் பழைய அணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார். பின்னர் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டுக்கும் அந்த அறிவு உதவியது. மணலில் நிற்கும் எந்த அணையின் அடியிலும் நீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கட்டியவர் அறிவார், கணக்கில் வைத்திருப்பார். அது ‘லீக்’ ஆகாது.

ஆனால் ‘சீப்’ ஒன்று ‘லீக்’ ஆக மாறும் தருணம் உண்டு, உங்கள் கரைக்கு அதுதான் முக்கியம். ஊறி வரும் நீர் தெளிவாக இருக்கும்வரை அது மண்ணின் இடுக்குகளில் நடந்து வருகிறது. மண் இருந்த இடத்தில் இருக்கிறது. நீர் கலங்கி வரத் தொடங்கினால் மண்துகளையும் எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். வெளிவரும் வாயில் துகள் போனதும் அடுத்த துகள், அதற்கடுத்தது என்று அரிப்பு பின்னோக்கிக் குடைந்து, கரைக்குள் ஒரு குழாயை உண்டாக்கிவிடும். பொறியாளர்கள் இதனை ‘பைப்பிங்’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற மண் அணைக்குக் கீழே 1976 ஜூன் 3 அன்று தெளிந்த நீர் சிறிதளவு ஊறி வந்தது. ஜூன் 5 காலையில் வந்த நீர் கலங்கலாக இருந்தது. அன்று நண்பகல் ஆவதற்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். தெளிவுக்கும் கலங்கலுக்கும் இடையில் இருந்தது இரண்டே நாள்.

ஆகவே, தம்பி, எழுதுவதற்கு முன் கரைக்குப் போங்கள். ஈரம் ஓரிடத்தில் கூர்மையாக வருகிறதா, நெடுகப் பரவியிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். நெடுகப் பரவியிருந்தால் ‘வாட்டர் இஸ் சீப்பிங் த்ரூ தி பண்ட்’ என்று எழுதி, எத்தனை அடி நீளம், கரையின் எந்த உயரத்தில், எத்தனை நாளாக என்பவற்றைச் சேருங்கள். ஒரே வாயிலிருந்து வந்தால் ‘லீக்’ என்று எழுதி, அந்த இடத்தில் ஒரு கழியை நட்டு அடையாளம் வையுங்கள். இரண்டில் எதுவானாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்த நீரைப் பிடித்து, அசையாமல் வைத்து, கால் மணி நேரம் கழித்து அடியில் மண் படிகிறதா என்று பாருங்கள். படியாவிட்டால் நீர் தெளிவாக உள்ளது என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள். படிந்தால் மனுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே வாய்க்காலைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கருக்கும் பொறியாளருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, சாக்கில் மணல் நிரப்பி, நீர் கொப்பளிக்கும் இடத்தைச் சுற்றிக் கிணற்றுக்கு உறை வைப்பதுபோல் வட்டமாக அடுக்குங்கள். வாயை மூடிவிடாதீர்கள், மூடினால் வேறோர் இடத்தில் பிய்த்துக்கொள்ளும். வட்டத்துக்குள் நீர் ஏறி நின்று எதிர் அழுத்தம் கொடுக்க வேண்டும். வழிகிற நீர் தெளியும்வரை ஒவ்வொரு வரிசையாக ஏற்றுங்கள்.